போயிட்டாங்க

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கணக்குதான் வரும். அன்றைக்குப் பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்து அவர் திரையில் காட்டிய படத்தைப் பார்த்தபோது எனக்கு நிறையக் கணக்கு வந்தது.

நான் ஆஸ்பத்திரியில் புள்ளியியல் பார்க்கிறவள். ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை. இந்த மருந்து சாப்பிட்டவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள், அந்த மருந்து சாப்பிட்டவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் சாவுக்கு 'நிகழ்வு' என்று பெயர். கடைசியாக விசாரித்தபோது உயிரோடு இருந்தவருக்கு 'சென்சார் ஆனவர்' என்று பெயர். சினிமாவில் வெட்டுப்பட்டால் சென்சார், எங்களிடம் வெட்டுப்படாமல் தப்பித்தால் சென்சார். இதை வீட்டில் விளக்கப் போய், அக்கா என்னை ஒரு வாரம் 'சென்சார் போர்டு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் இரண்டு கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஒருவர் இறந்தால் ஒரு படி. ஆயிரம் பேரை வைத்து வரைந்தால் படியே தெரியாது, சரிவாக வழுக்கிக்கொண்டு போகும். இங்கே இருந்தது பக்கத்துக்கு ஆறு பேர். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். ரத்தத்தில் வரும் ஒரு அபூர்வமான புற்றுநோய் அது. நான்கு வருஷம் வலைவீசித் தேடினாலும் இந்தப் பன்னிரண்டு பேர்தான் கிடைத்தார்கள்.

"பழைய மருந்து எடுத்துக்கிட்ட ஆறு பேர்ல அஞ்சு பேர் போயிட்டாங்க. புதுசுல ரெண்டே ரெண்டு பேர்தான்" என்றார் பெரிய டாக்டர். "தற்செயலா இப்படி வர்றதுக்கு நூத்துக்கு நாலரை வாய்ப்புதான். அஞ்சுக்குக் கீழ. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி இயக்குநர்கிட்ட சொல்லிப் பழசை நிறுத்திடலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

எனக்கு ஏன் சுருக்கென்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு அதே நோயோடு வந்த பதின்மூன்றாவது ஆள் என் அக்கா. சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அக்கா பல் செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் மெழுகில் பல் செதுக்கி, வாய்க்குப் பொருத்தமாக இழைத்துக் கொடுக்கிற வேலை. மயிரிழை தவறினாலும் வாயில் குத்தும். விரல் நுனியால் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லிவிடுவாள். புது மருந்தோ விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும். ஆறு பேருக்கும் மரத்துப்போயிருந்தது, ஒருவருக்கும் உணர்ச்சி திரும்பி வரவில்லை. இதைப் பெரிய டாக்டர் முதல் சந்திப்பிலேயே மறைக்காமல் சொன்னார்.

"சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமா இருக்கும். அதுக்குப் பார்த்தா முடியுமா? உயிர் பெருசா, பொத்தான் பெருசா?" என்று கேட்டார்.

"தினம் காலையில பொத்தான் மாட்டிவிட நீங்க வருவீங்களா டாக்டர்?" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. நோயாளி இறந்தால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட மாட்டார். புது மருந்து நல்லது என்று மனதார நம்பினார். அதுதான் எனக்குப் பிரச்சினையே. நம்புகிறவரிடம் பன்னிரண்டு பேரைக் கொடுத்தால் அவர் பன்னிரண்டாயிரமாகப் பார்ப்பார். பழைய மருந்து நின்றுபோனால் அக்காவுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. அவள் விரல்களை என் கையெழுத்து எடுத்துக்கொண்டுவிடும்.

"கையெழுத்து இப்ப போட மாட்டேன் சார்" என்றேன். "இந்த நாலரைங்கிறது பெரிய கூட்டத்துக்குன்னு செஞ்ச அளவுகோல். ஆறு பேருக்கு அது சரியா உட்காருமான்னு பார்க்கணும்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

"கலைச்சுப் போட்டு."

இது என் தொழிலிலேயே எனக்குப் பிடித்த காரியம். பன்னிரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்பதைப் பன்னிரண்டு சீட்டுகளில் எழுதிக்கொள்ள வேண்டும். மருந்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, சீட்டுகளை ஆறு ஆறாகப் பிரித்துப் போட வேண்டும். எத்தனை விதமாகப் பிரிக்கலாமோ அத்தனை விதத்தையும் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும். மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு விதம். அதில் எத்தனை தடவை, எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, நம் படத்தில் இருக்கிற அளவுக்கோ அதற்கு மேலோ இடைவெளி விழுகிறது என்று எண்ண வேண்டும். நாற்பத்தாறைத் தாண்டிவிட்டால் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டியதாக அர்த்தம். அப்போது இது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

நாற்பத்து நான்கு வந்தது.

திரும்ப ஓட்டினேன். நாற்பத்து நான்கேதான். கம்ப்யூட்டரைக் குத்தலாம் போல இருந்தது. அறுபதுக்குக் குறையாமல் வரும் என்று மனசுக்குள் எதிர்பார்த்திருந்தேன். வேறு ஏதாவது சோதனை போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் விரல் போனது. எனக்கு வேண்டிய எண் வருகிறவரை சோதனையை மாற்றிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, களவு. கையை மடக்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"பார்த்தீங்களா, உங்க சீட்டும் என் பக்கம்தான்" என்றார். பேனாவைத் திறந்தே நீட்டினார்.

"மயிரிழையில நிக்குது சார். பன்னிரண்டு பேர்ல ஒரே ஒருத்தர் விஷயத்துல தப்பு இருந்தாலும் எல்லாம் தலைகீழாயிடும். பன்னிரண்டு பேரையும் நானே ஒரு தடவை விசாரிச்சுட்டு வர்றேன்."

"உங்களுக்கு எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு என் மேலயே இல்லை. அதனாலதான் பன்னிரண்டு பேரையும்னு சொல்றேன்."

பழைய மருந்தில் இறந்த ஐந்து பேரை மட்டும் தோண்டினால் யாருக்காகத் தோண்டுகிறேன் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் புது மருந்துக்காரர்களிடமிருந்தே ஆரம்பித்தேன். அவர்களில் உயிரோடு இருந்த நான்கு பேரிடமும் பேசினேன். நான்கு பேரும் நன்றாக இருந்தார்கள். ஒருவர் மட்டும் போனைக் கீழே போட்டுவிட்டு, விரலில் உணர்ச்சி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இறந்த இரண்டு பேருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் இறப்புச் சான்றிதழே இருந்தது. பழைய மருந்தில் உயிரோடு இருப்பதாகப் பதிவான ஒரே ஒருவரும் உயிரோடுதான் இருந்தார். இறந்தவர்களில் நான்கு பேருக்குச் சான்றிதழ் இருந்தது. ஐந்தாவது ஆளுக்கு இல்லை. சிகிச்சை தொடங்கிய பதினோராம் மாதத்தில் வீட்டில் இறந்ததாகப் பதிவு. பதிவு செய்தவர் சின்ன டாக்டர்.

சின்ன டாக்டர் பெரிய டாக்டரின் உதவியாளர். மென்மையான பிள்ளை. ஊசி போடுவதற்கு முன் இவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

"வீட்டு நம்பருக்கு நான்தான் மேடம் போன் பண்ணினேன்" என்றார். "வீட்டுக்காரம்மா எடுத்தாங்க. அவங்க இருக்காங்களான்னு கேட்டேன். 'அவங்க போயிட்டாங்களே'ன்னாங்க."

"சரி."

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்போங்கன்னு கேட்டேன். போன மாசம்னாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டாங்களான்னு கேட்டேன். 'கடைசி நாள்தாம்பா ரொம்பக் கஷ்டம், நாலு பேர் சேர்ந்து தூக்கினோம்'னாங்க. அதுக்கு மேல எப்படி மேடம் துருவித் துருவிக் கேக்கறது? என் அனுதாபத்தைச் சொல்லிட்டு வச்சுட்டேன்."

"அனுதாபத்துக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "'பரவாயில்லப்பா, வேற ஆள் வந்துடுவாங்க'ன்னாங்க."

"அது உங்களுக்கு விசித்திரமாப் படலையா?"

"துக்கத்துல பேசுறாங்கன்னு நெனச்சேன்."

அவர் முன்னாலேயே அந்த நம்பரை அழுத்தினேன். அதே வீட்டுக்காரம்மாதான் எடுத்தார்.

"அவங்க போயிட்டாங்கன்னு அப்பவே ஒரு டாக்டர் தம்பிகிட்ட சொன்னேனே" என்றார்.

நாகரிகம் பார்த்தால் பிழைப்பு நடக்காது. "இறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஏங்க, நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில? மக வீட்டுக்குப் போயிட்டாங்க. வீட்டைக் காலி பண்ணின அன்னிக்குப் பீரோவை மாடியிலேர்ந்து இறக்க முடியாம நாலு பேர் தூக்கினோம். கடைசி நாள் பட்ட கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும்."

சின்ன டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். 'செத்துட்டாங்களா' என்று கேட்க நம்மில் யாருக்கும் வாய் வராது. கேட்காமலே ஒரு பீரோவைப் பிணமாக்கிவிட்டோம்.

மகள் வீட்டு நம்பரை வாங்கி, செத்துப்போன அம்மாவிடமே பேசினேன். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, அதே பழைய மருந்து. "சொல்லாம ஒண்ணும் போகலையேம்மா. உங்க ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போன் பண்ணினேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எத்தனையைத்தான் அழுத்தறது?" என்றார். அந்த வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை மகளின் போனிலிருந்து அனுப்பி வைத்தார். சிகிச்சை தொடங்கி இருபத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆள் திடமாக இருந்தார்.

சீட்டை மாற்றி எழுதினேன். நிகழ்வு இல்லை, சென்சார். தொள்ளாயிரத்து இருபத்து நான்கு விதத்தையும் மறுபடி ஓட்டினேன். நாற்பத்து நான்கு இருந்த இடத்தில் நூற்று முப்பத்து நான்கு வந்தது.

இயக்குநர் அம்மாவின் அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும், எதிர்ப்பக்கம் நான். சின்ன டாக்டர் மேஜையின் மரவரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொல்லி முடித்ததும் பெரிய டாக்டரின் முகம் இறுகியது.

"இயக்குநருக்கு ஒரு விஷயம் தெரியணும். இவங்க அக்காவுக்கும் இதே நோய். அவங்களுக்குப் புது மருந்து பிடிக்கலை. இவங்க யாருக்காக இதைத் தோண்டினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

"அக்காவுக்காகத்தான் தோண்டினேன்" என்றேன். "மறைக்கலை. நீங்களும் உங்க மருந்துக்காகத்தான் தோண்டாம விட்டீங்க. நான் யாருக்காகத் தோண்டினா என்ன சார், உயிரோட இருக்கறவங்க அதுக்காகச் செத்துடுவாங்களா? என்னை நம்ப வேண்டாம். அவங்களையே கேளுங்க."

போனை மேஜை நடுவில் வைத்து அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு மணியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யாரு?" என்றது குரல்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தும்மா. டாக்டருங்க எல்லாரும் இருக்காங்க."

"ஓகோ. நான்தான் செத்துப்போனவ பேசுறேன்" என்றார் அந்த அம்மா. "அந்த டாக்டர் தம்பி இருக்காரா? அனுதாபம் சொன்னாராமே. நல்லா இருக்கட்டும். பெரிய டாக்டரும் இருந்தா ஒண்ணு சொல்லணும். எனக்குன்னு ஒரு எண்ணு போட்டு வச்சிருந்தீங்க இல்ல? அந்த எண்ணு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்குன்னு எழுதிக்கோங்க. அடுப்புல பால் இருக்கு, வச்சுடறேன்."

இயக்குநர் அம்மா சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

"அவங்க இருக்கறதுல எனக்கு உங்களைவிட சந்தோஷம்" என்றார். பொய் சொல்லவில்லை. "ஆனா இப்பவும் அங்க நாலு சாவு, இங்க ரெண்டு. அது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது சார். வெறும் அதிர்ஷ்டத்துலயே ஏழு தடவைக்கு ஒரு தடவை இப்படி விழும். அதுவும் தெரியுது."

"அப்ப பழைய மருந்துதான் நல்லதுன்னு எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன்."

"ரெண்டும் சமம்னு?"

"அதுவும் மாட்டேன். புதுசு நிஜமாவே நல்லதா இருக்கலாம். இந்தப் பன்னிரண்டு பேரை வச்சு அதைச் சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு இவ்வளவு சண்டை?"

"தெரியாததைத் தெரியும்னு எழுதி என் கையெழுத்தைக் கேட்டீங்க. அதுக்கு."

பழைய மருந்தை நிறுத்த வேண்டாம், இன்னும் பத்து ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்களைக் கூட்டுங்கள் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். நோயாளியே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. ஆனால் பாதி வழியிலேயே அந்த நான்கும் இரண்டும் மறுபடி மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அக்கா சமையலறை மேஜையில் ஒரு மேல்வரிசைப் பல்லுக்கு மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடம் லீவு கொடுத்தாலும் வாடிக்கையாளர் வாய் லீவு கொடுக்காது என்பாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோ கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அப்ப பழசு எனக்குக் கிடைக்கும்" என்றாள்.

"கிடைக்கும்." நான் தண்ணீர் குடித்தேன். "அக்கா, நீ பேசாம புதுசையே போட்டுக்கோயேன்."

கத்தி நின்றது. "என்ன சொன்ன?"

"நாலு, ரெண்டு. அந்த நாலு எனக்குப் பயமா இருக்கு. புதுசுதான் நல்லதுன்னு பின்னாடி தெரிய வந்தா, நான்தான் உன்னைப் பழசுல தள்ளின மாதிரி ஆயிடும். விரல் போனா போகட்டும்க்கா. நான் இருக்கேன், நான் பார்த்துக்கறேன்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மெழுகைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கணக்கெல்லாம் வராது, நேராக வார்த்தைதான் வரும்.

"ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி 'தெரியாது, தெரியாது'ன்னு சண்டை போட்டுட்டு வந்து, வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச மாதிரி பேசுறியா? டாக்டர் அதே நாலையும் ரெண்டையும் காட்டினப்போ அவருக்கு என்ன சொன்ன? எனக்கு மட்டும் வேற கணக்கா?"

"அவங்கள்லாம் யாரோ. நீ என் அக்கா."

"நான் பதின்மூணாவது ஆள். அவ்வளவுதான். என்னைக் கூடுதலா எண்ணாதே."

என் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றாள்.

அடுத்த வாரம் சிகிச்சைக்கான நாள். ஊசி அறைக்கு வெளியே ஒரு சிறிய அறையில் பெரிய டாக்டர் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னிடம் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் அக்காவிடம் பொறுமையாகவே பேசினார். இரண்டு மருந்தையும் பற்றி முதலிலிருந்து மறுபடி சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. 'எங்களுக்கு இன்னும் தெரியாது' என்ற வாக்கியத்தை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பழசு" என்றாள் அக்கா.

"நல்லா யோசிச்சுட்டீங்களா? ஒரு மருந்து இன்னொண்ணைவிட அதிக காலம் கொடுக்கலாம். அதை விட்டுக்கொடுக்கறோமோன்னு பின்னால தோணக்கூடாது."

"எந்த மருந்துல எவ்வளவு காலம்னு உங்களுக்குத் தெரியாது. அத்தனை விதமாக் கலைச்சுப் பார்த்தும் இவளுக்கும் தெரியாது" என்றாள் அக்கா. "புதுசு போட்டா விரல் போயிடும்ங்கிறது மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். நான் தெரிஞ்சதை வச்சு முடிவு பண்றேன் டாக்டர். எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னதை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு ஒன்றுமே அகப்படவில்லை.